பாடாங் பெசாரில் இரண்டு முத்திரை

சிங்கப்பூரிலிருந்து பாங்காக்குக்கு விமானத்தில் போனால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ரயிலில் எனக்கு மூன்று நாள் ஆயிற்று. 2024 செப்டம்பரில், எட்டுக் கிலோ முதுகுப்பையோடு தனியாகப் போனேன். இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒரு பெண் இந்தத் தடத்தில் தனியாகப் போக முடியுமா என்று அதற்குப் பிறகு பல தோழிகள் கேட்டுவிட்டார்கள். தாராளமாகப் போகலாம். எந்தக் கவுண்டர் எங்கே இருக்கிறது, எப்போது திறக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கஷ்டமெல்லாம் அதில்தான்.

முதல் எல்லை, சிங்கப்பூரின் வடக்கு ஓரத்தில் இருக்கும் உட்லண்ட்ஸ். 2011 ஜூன் 30 வரை மலாயா ரயில் சிங்கப்பூர் நகருக்குள் தஞ்சோங் பகார் நிலையம் வரை வந்துகொண்டிருந்தது. 1998இல் சிங்கப்பூர் தன் ரயில் குடிநுழைவு (இமிக்ரேஷன்) சாவடியை உட்லண்ட்ஸுக்கு மாற்றிவிட்டது, மலேசியா தஞ்சோங் பகாரிலேயே இருந்தது. ஆகவே பதின்மூன்று வருஷம், ரயிலேறிய பயணிகள் காகிதத்தில் முதலில் மலேசியாவுக்குள் நுழைந்தார்கள், அப்புறம்தான் சிங்கப்பூரை விட்டு வெளியேறினார்கள்! இப்போது அந்தக் குழப்பம் இல்லை. இரண்டு நாட்டுச் சோதனையும் உட்லண்ட்ஸ் கட்டடத்திலேயே அடுத்தடுத்து முடிந்துவிடுகிறது. எதிர்க்கரையில், மலேசியாவின் ஜோகூர் பாருவில் இறங்கினால் நேராக வெளியே நடக்கலாம். ஐந்து நிமிடப் பயணம். போக 5 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), வர 5 மலேசிய ரிங்கிட். வார இறுதியில் டிக்கெட் கிடைப்பது சிரமம் என்பதால் வியாழக்கிழமை கிளம்பினேன். மலேசியாவின் இணைய வருகை அட்டையை அதற்கு முந்தின நாளே நிரப்பியிருந்தேன். அதிகாரி இரண்டு நாள் பயணமா என்று மட்டும் கேட்டார். 2023 டிசம்பரிலிருந்து நமக்கு அங்கே 30 நாள் வரை விசா தேவையில்லை.

அப்போது ஜோகூர் பாருவிலிருந்து கெமாஸ் வரை டீசல் ரயில்தான், அங்கே மின்ரயிலுக்கு மாற வேண்டும். இப்போது அந்தத் தடமும் மின்மயமாகி, கோலாலம்பூருக்கு ஒரே வண்டியில் போய்விடலாம். நேரம் மிச்சம்தான். ஆனாலும் அந்த டீசல் ரயிலில் போனது எனக்குக் கொடுப்பினை. நான்கு மணி நேரத்துக்கு மேல் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம், ரப்பர் தோட்டம், சின்னச் சின்ன நிலையங்கள். தண்டவாளம் மீட்டர் கேஜ். சின்ன வயதில் மாயவரத்தில் நான் ஏறிப் போன அதே அகலம். பெட்டி ஆடுகிற ஆட்டத்தை உடம்பு உடனே அடையாளம் கண்டுகொண்டது. தாய்லாந்திலும் இதே மீட்டர் கேஜ்தான். 1918இல் இரண்டு நாட்டுத் தடங்களும் எல்லையூரான பாடாங் பெசாரில் இணைந்ததற்கும், இன்றும் பாங்காக் வண்டி எல்லை தாண்டி மலேசிய நிலையத்துக்குள் வந்து நிற்பதற்கும் அதுவே காரணம்.

எதிர் இருக்கையில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு தமிழம்மா. சிரம்பானுக்கு மகள் வீட்டுக்குப் போகிறார். மலேசியாவில் வழக்கம் அதுதான் என்பதால் நானும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டேன்.

“எங்கம்மா தனியா?”

“பாங்காக் ஆன்ட்டி. ரயில்லயே.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “எங்க தாத்தா போனது அந்த வழிதான். சயாம் ரயிலு போட. திரும்பி வரல” என்றார்.

ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்)–பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள் என்று படித்திருக்கிறேன். 415 கிலோமீட்டர் பாதை, 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். காலராவிலும் பசியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்குகூட இல்லை. ஆனால் அவர்களையும் இதே தடத்தில், சரக்குப் பெட்டியில் அடைத்து, பாடாங் பெசார் வழியாகத்தான் கொண்டுபோயிருப்பார்கள் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. “பான் போங்னு ஒரு ஊரு வரும். அங்கதான் இறக்கி விட்டாங்களாம். முழிச்சிருந்தா ஒரு படம் எடுத்து அனுப்பும்மா” என்று சொல்லி, என் போனிலேயே தன் எண்ணைப் போட்டுக் கொடுத்தார்.

அன்றிரவு கோலாலம்பூரில் தங்கினேன். மறுநாள் காலை மின்ரயில், ஐந்து மணி நேரத்துக்கு மேல். ஈப்போவைத் தாண்டி புக்கிட் மேரா ஏரியை ரயில் குறுக்காகக் கடக்கும், இரண்டு பக்கமும் தண்ணீர். கெடா மாநிலத்தில் கண்ணுக்கெட்டியவரை வயல், நம் டெல்டா மாதிரியே. அந்தப் பகுதியில் தூங்கிவிடாதீர்கள்.

பாடாங் பெசாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நிலையம் இருப்பது மலேசிய மண்ணில், எல்லைக்கு இந்தப் பக்கம். ஆனால் இரண்டு நாட்டுக் குடிநுழைவும் அதற்குள்ளேயே இருக்கிறது. முதலில் மலேசியக் கவுண்டரில் வெளியேறும் முத்திரை, அதை அடுத்து தாய்லாந்துக் கவுண்டரில் உள்ளே வரும் முத்திரை, அதன் பிறகு நடைமேடை. கவுண்டர் நாள் முழுக்கத் திறந்திருக்காது, தாய்லாந்து வண்டி கிளம்பும் நேரத்தை ஒட்டித்தான் திறப்பார்கள். ஒருமுறை உள்ளே போய்விட்டால் சாப்பிட வெளியே வர முடியாது. மாடியில் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

பாங்காக் வண்டி தாய்லாந்து நேரம் மாலை 5க்கு, அதாவது மலேசிய நேரம் 6க்குக் கிளம்பும். தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். நோட்டில் ‘6 மணி’ என்று எழுதி வைத்திருந்தேன். மாடியில் சோறு வாங்கி உட்கார்ந்தபோது போனில் மணி 4:25. ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே என்று நிதானமாகச் சாப்பிட்டேன். தற்செயலாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் 5:35! எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில் போன் தாய்லாந்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, மணியையும் தானாகப் பின்னால் தள்ளிவிட்டிருக்கிறது. சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடினேன்.

மலேசியக் கவுண்டரில் அரை நிமிடம்தான். தாய்லாந்துக் கவுண்டரில் இருந்த அம்மையார் பாஸ்போர்ட்டின் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். எங்கே தங்குகிறாய், திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டார். இரண்டும் மின்னஞ்சலில் இருந்தன. போன் தாய்லாந்துக் கோபுரத்துக்கு மாறியிருந்ததால் டேட்டா வேலை செய்யவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் கோபப்படவில்லை, ஓரமாக நில் என்று கையைக் காட்டினார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். மலேசியாவிலிருந்து வெளியேறியாயிற்று, தாய்லாந்துக்குள் இன்னும் நுழையவில்லை. அந்தப் பத்து நிமிடம் நான் எந்த நாட்டிலும் இல்லை. கை நடுங்கியது.

வரிசையில் நின்றிருந்த ஒரு மலாய் மாணவி என்னைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே தன் போனின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து கடவுச்சொல்லைச் சொன்னார். விடுதிப் பதிவு திறந்தது, விமான டிக்கெட் திறந்தது. கையில் இருந்த 10,000 தாய்லாந்து பாட் பணத்தையும் எடுத்துக் காட்டினேன். முத்திரை விழுந்தது. அந்த ஜூலையில்தான் இந்தியர்களுக்கு 60 நாள் விசா இல்லாமல் தங்கலாம் என்று மாற்றியிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லத் திரும்பினால், அவர் ஏற்கெனவே நடைமேடையில் தன் பெட்டியைத் தேடிப் போய்விட்டிருந்தார்.

போகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். விடுதிப் பதிவு, திரும்பும் டிக்கெட், ரயில் டிக்கெட் மூன்றையும் தாளில் அச்செடுத்துக் கையில் வையுங்கள். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்கும் இணைய வருகை அட்டை கட்டாயம், அதையும் அச்செடுங்கள். விசா இல்லாமல் தரைவழியாக ஒரு காலண்டர் ஆண்டில் இரண்டு முறைதான் நுழையலாம் என்ற விதியும் உண்டு, அடிக்கடி போகிறவர்கள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஏறிய பிறகு எந்தக் கவலையும் இல்லை. கீழ் பெர்த்தாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் அகலம், சன்னலும் உங்களுக்கே. தென் தாய்லாந்தின் ஹட்யாயில் நெடுநேரம் நிற்கும், அங்கே பொரித்த வெங்காயம் தூவிய கோழியும் ஒட்டரிசிச் சோறும் வாங்கிக்கொண்டேன். பணியாளர் வந்து இருக்கையைப் படுக்கையாக்கி, வெள்ளை விரிப்பு விரித்து, திரையை இழுத்துவிட்டார். சுற்றிலும் குடும்பங்கள். திரைக்குப் பின்னால் பயமில்லாமல் தூங்கினேன்.

ஆன்ட்டி சொன்னதற்காக விடியும் முன்பே அலாரம் வைத்திருந்தேன். ராட்சபுரி தாண்டியதும் எழுந்து சன்னலோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். பான் போங் பெயர்ப்பலகை வந்தது. கடைகள், மோட்டார் சைக்கிள்கள், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள். சாதாரணமான ஒரு காலை. சற்றுத் தள்ளி நோங் பிளா துக். இடப்பக்கத்திலிருந்து ஒரு தண்டவாளம் வளைந்து வந்து எங்கள் தடத்தோடு சேர்ந்தது. சயாம்–பர்மா பாதை தொடங்கிய இடம் அது. முத்திரை குத்திய பாஸ்போர்ட் என் இடுப்புப் பையில் இருந்தது. ஆன்ட்டியின் தாத்தாவிடம் ஒரு துண்டுக் காகிதமாவது இருந்திருக்குமா?

படம் எடுத்தேன். ஓடும் வண்டியில் கொஞ்சம் கலங்கித்தான் விழுந்தது. பாங்காக்கில் இறங்கி, நிலையத்தில் சிம் வாங்கிப் போட்டதும் முதல் வேலையாக அதை ஆன்ட்டிக்கு அனுப்பினேன்.