அந்த ஒரு பத்தி

"எல்லாம் நல்லா வந்திருக்கு. அந்த ஒரு பத்தியை மட்டும் எடுத்துடலாமே?"

தொழில் ஆலோசகராக நான் இறுதி அறிக்கை கொடுக்கும் நேரத்தில் கிளையன்ட் கேட்கும் இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் முழுத் தெளிவான பதில் இல்லை. நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஆலோசகர் "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்று நேரம் வாங்கலாம். தனியாகத் தொழில் செய்பவருக்கு மேலே யாரும் இல்லை.

பத்தியில் இருப்பது பெரும்பாலும் கிளையன்டுக்குத் தெரிந்ததுதான். விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் 90 நாள் கழித்துப் பணம் தருகிறார். மூலப்பொருள் தந்தவர்களுக்கு 30 நாளில் கட்டியாக வேண்டும். இடையில் உள்ள 60 நாளை வங்கிக் கடன் சுமக்கிறது. விற்பனை கூடினால் கடனும் கூடும். நேரில் சொன்னால் கிளையன்ட் ஒப்புக்கொள்வார். எழுத்தில் இருந்தால் பங்குதாரர்கள் படிப்பார்களே!

உறுத்துவது எது என்று முதலில் கேட்க வேண்டும். எண்ணா, சொல்லா, படிக்கப்போகிற ஆளா? எண் என்றால் கணக்கை மறுபடி பார்க்கலாம். ஒரு காலாண்டை வைத்து எடுத்த 90 நாள், முழு ஆண்டுக்குப் பார்த்தால் 75 ஆகலாம்; அப்போது திருத்துவது கடமை. சொல் என்றால் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். "வசூலை நிர்வாகம் கவனிக்கவில்லை" என்பது தீர்ப்பு. "வசூலாகச் சராசரியாக 90 நாள் ஆகிறது" என்றாலே செய்தி முழுதாகப் போய்ச் சேரும், யாரும் காயப்பட மாட்டார்கள்.

மூன்றாவதில்தான் சிக்கல். அறிக்கைக்குக் காசு கொடுப்பவர் கிளையன்ட். அதில் எது வேண்டும் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லையா? அவர் மட்டும் படிப்பதற்கென்றால் உண்டு என்றே நினைக்கிறேன். அதை வைத்து வேறொருவர் பணம் போடப்போகிறார் என்றால், எடுத்துவிட்ட பத்திக்கும் ஆலோசகரே பொறுப்பு. பின்னிணைப்புக்குத் தள்ளிவிடுவது வழக்கமான சமரசம். பின்னிணைப்பை எத்தனை பேர் புரட்டுவார்கள் என்பது கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்.

இந்தப் பேச்சின் பாதி, வேலை தொடங்கும் முன்பே ஒப்பந்தக் கடிதத்தில் முடிவாகிவிடுகிறது. கட்டணத்தின் கடைசி 40 சதவீதம் "அறிக்கை ஏற்கப்பட்ட பின்" என்று எழுதியிருந்தால், அந்தப் பத்திக்கு அன்றே விலை வைத்தாயிற்று. "இறுதி அறிக்கை ஒப்படைத்த 15 நாளில்" என்று இருக்க வேண்டும். தொடக்கத்தில் 40, வரைவின்போது 40, கடைசியில் 20 என்று பிரித்தால் இன்னும் நல்லது. அறிக்கை யார் பெயருக்கு, யார் யார் கைக்குப் போகும், வரைவு மீது தகவல் பிழைகளைச் சுட்ட எத்தனை நாள் என்பதும் அதிலேயே வர வேண்டும். ஐந்து வேலை நாள் போதும். ஒரே சுற்றுதான் என்பதையும் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் வரைவில் பத்தி ஒரு வரியாகும், ஐந்தாம் வரைவில் காணாமல் போகும்.

கெட்ட செய்தியை வரைவில் முதன்முறையாகக் காட்டவும் கூடாது. கண்ணில் பட்ட வாரமே தொலைபேசியில் சொல்லி, அன்றே இரண்டு வரி மின்னஞ்சலும் அனுப்பிவிட வேண்டும். அதிர்ச்சி குறையும், அவரும் பங்குதாரர்களிடம் தானே முதலில் சொல்ல அவகாசம் கிடைக்கும். அதே அவகாசத்தில் பத்தியை எடுக்கச் சொல்லி நெருக்கவும் முடியும். ஆனாலும் சொல்லிவிடுவதே மேல் என்று தோன்றுகிறது, அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும்.

உறுதியாக நின்றால் கிளையன்ட் நம் மீது வைத்திருக்கும் மதிப்பு கூடும் என்பார்கள். கூடலாம். அடுத்த வேலைக்கு அழைப்பு வராமலும் போகலாம், அதற்கு அவர் காரணம் சொல்ல மாட்டார். வருமானத்தில் பாதி அந்த ஒருவரிடமிருந்தே வருகிறது என்றால், அறிக்கையில் அவருக்கு எழுதிய அதே சிக்கலில்தான் ஆலோசகரும் இருக்கிறார். அந்த நிலையில் எடுக்கும் முடிவை நேர்மை என்பதா, பயம் என்பதா?