அப்பாவுக்குப் பிடித்த வோல்டேஜ்

லோ வோல்டேஜ் என்பது அப்பாவின் நிரந்தரக் குறை. அதனால் போன மாதம் ஒரு காலையில் ஹால் குண்டு பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்து, ஃபேன் கழன்று விழுந்துவிடும் போலச் சுற்றியதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "டிரான்ஸ்பார்மர் மாத்திட்டாங்க போல" என்று, பறக்கப் பார்த்த பேப்பரை முழங்கையால் அமுக்கிக்கொண்டு படித்தார்.

சமையலறையில் கிரைண்டர் உறுமியதே தவிர கல் நகரவில்லை. அரிசி ஊறவில்லையோ என்று அம்மாவுக்குச் சந்தேகம். உள் அறையில் தம்பி அயர்ன் பாக்ஸைப் போட்டான். ஹால் பல்பு இன்னும் பளீரென்றது. "சூடே ஏறலம்மா" என்று அணைத்தான். பல்பு கொஞ்சம் அடங்கியது. மறுபடி போட்டான். டிவிக்குப் பின்னாலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம், கருகல் வாசனை. ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

எங்களுடையது த்ரீ ஃபேஸ், அதாவது கரண்ட் கொண்டுவரும் லைன் மூன்று. ஹால் ஒரு ஃபேஸில், சமையலறையும் உள் அறையும் இன்னொன்றில். கரண்ட் திரும்பிப் போகும் பொதுக் கம்பியான நியூட்ரல் ஒழுங்காக இருக்கும்வரை ஆளுக்கு 230 வோல்ட். அது விட்டுப்போனால் இரண்டு பக்கமும் சேர்ந்து, ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவில் இருக்கும் 400 வோல்ட் சொச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். லோடு அதிகமுள்ள பக்கத்துக்குக் கிள்ளித் தரும், சும்மா இருக்கும் பக்கத்துக்கு அள்ளித் தரும். சொத்துப் பிரிக்கும்போதுகூட இவ்வளவு அநியாயம் நடக்காது. லோடு மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்சான எம்சிபியும் விழாது. அது பார்ப்பது கரண்டைத்தான், வோல்டேஜை அல்ல.

எலக்ட்ரீஷியன் வந்து, டிவி, ஃப்ரிட்ஜ் பிளக்கையெல்லாம் பிடுங்கிவிட்டு மெயினைப் போட்டார். பிளக் பாயின்ட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தது.

"ரெண்டுலயும் கரண்ட்டா!" என்றார் அப்பா, என்னவோ கூடுதலாகக் கிடைத்த மாதிரி.

"நியூட்ரல் கட் சார். லைன்மேன் வர்றவரைக்கும் எர்த்துலேர்ந்து நியூட்ரல் எடுத்துத் தரவா?"

ஊர் ஊருக்கு நடக்கிற வைத்தியம்தான். ஆனால் செய்யவே கூடாது. வீட்டு லோடு மொத்தமும் எர்த் கம்பி வழியாகப் போகும். அந்தக் கம்பி மண்ணில் இறங்கும் எர்த் குழி காய்ந்து கிடந்தால் ஃப்ரிட்ஜ் கதவு, வாஷிங் மெஷின் என்று தொட்ட இடமெல்லாம் ஷாக். வீட்டில் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறது, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும் என்றேன். "அதையும் பைபாஸ் பண்ணிடலாம்" என்றார், ரொம்ப உதவியாக. வேண்டாம் என்று மெயினை அணைத்துவிட்டேன்.

மதியம் லைன்மேன் கம்பத்தில் ஏறினார். சர்வீஸ் கம்பியின் நியூட்ரல் ஜாயின்ட் வெள்ளைப் பொடி பூத்து, கை வைத்ததும் உதிர்ந்தது. வெட்டிவிட்டுப் புதிதாக இணைத்தார்.

வந்ததுதான் வந்தோம், எர்த்தையும் பார்த்துவிடலாம் என்றார் எலக்ட்ரீஷியன். குழி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மீட்டரிலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால், அது கொல்லையில் அம்மா கறிவேப்பிலை நடும் இடத்தில் போய் இறங்கியது. எத்தனை கன்று வைத்தாலும் அங்கே கருகிவிடும். எல்லாம் பக்கத்து வீட்டு அத்தையின் கண் என்று அம்மா அவரோடு பேச்சையே நிறுத்தியிருந்தார்.

"உப்பும் கரியும் கொட்டின குழிம்மா, இதுல எப்படிச் செடி வரும்?"

அம்மா கொஞ்ச நேரம் குழியையே பார்த்தார்.

"இங்க நடச் சொன்னதே அவதானே" என்றார்.