லிங்கனின் தலை, வேறொருவரின் உடம்பு

செத்த வீட்டு அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவுப் புத்தகத்துக்கு, அதாவது கல்வெட்டுக்கு, படம் திருத்திக் கொடுப்பதுதான் என் வேலையில் பாதி. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் இருக்கும் எங்கள் ஸ்ரூடியோவுக்கு ஆட்கள் கொண்டுவருவது பெரும்பாலும் அடையாள அட்டைப் படம். 1995 போர்க்கால இடப்பெயர்வில் அல்பம் எல்லாம் போய்விட்டது, மிஞ்சியது அதுதான். "ஐயாவுக்கு ஒரு கோட் போட்டுவிடுங்கோ தம்பி, கனடாவில இருக்கிற பிள்ளையள் ஆசைப்படுகினம்" என்பார்கள். ஐயா ஆயுள் முழுக்க வேட்டியோடு புகையிலைத் தோட்டம் செய்தவர். சரி, போடுவோம். அதற்கென்றே தலையில்லாத கோட்டுகள் ஒரு ஃபோல்டர் நிறைய வைத்திருக்கிறோம்.

இந்த வேலையில் எங்களுக்கெல்லாம் மூத்தவர்கள் அமெரிக்காவில் இருந்திருக்கிறார்கள். 1865இல் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டு இறந்தபின், கம்பீரமாக நிற்கும் படம் ஒன்றுக்கு ஆட்கள் ஆலாய்ப் பறந்தார்கள். அச்சிட்டு விற்றவர்கள் பழைய செதுக்குப் படம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, உடம்பை அப்படியே விட்டுவிட்டுத் தலையை மட்டும் மாற்றினார்கள். தலை, பிரடி என்ற படப்பிடிப்பாளரின் ஸ்ரூடியோவில் 1864இல் எடுத்த படத்திலிருந்து வந்தது. பழைய 5 டொலர் தாளில் இருந்த அதே முகம். உடம்பு யாருடையது தெரியுமா? ஜோன் கல்ஹூன். அடிமை முறை நல்லது என்றே செனற் சபையில் வாதாடியவர், 1850இல் இறந்தவர். மேசையில் இருந்த தாள்களையும் விடவில்லை. 'மாநிலங்களின் இறைமை' என்று இருந்த இடத்தில் 'விடுதலைப் பிரகடனம்' வந்துவிட்டது. நாங்கள் கோட்டோடு நிறுத்திக்கொள்கிறோம், இவர்கள் கொள்கையையே மாற்றியிருக்கிறார்கள்!

பிரடியும் லேசுப்பட்டவர் இல்லை. 1860 பெப்ரவரி 27, நியூயோர்க்கில் கூப்பர் யூனியன் என்ற கல்லூரியில் பேச வந்த லிங்கனைப் படமெடுக்கும்போது, சட்டைக் கொலரை மேலே இழுத்துவிடச் சொன்னார். கழுத்தைக் குட்டையாக்கப் பார்க்கிறீர்கள் போல என்று லிங்கன் சிரித்தாராம். கழுத்து நீளமானவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் எனக்குப் பிடித்தது படங்கள் இல்லை, லெனாட் வோல்க் என்ற சிற்பி எடுத்த அச்சுகள். 1860 வசந்தத்தில் சிகாகோவில் லிங்கனின் முகத்தில் நேரடியாகச் சாந்து பூசி அச்செடுத்தார். காய்ந்ததும் கழற்றினால் வரவில்லை. லிங்கனே தலையைக் குனிந்து இரண்டு கையாலும் மெல்ல மெல்ல இழுத்தெடுத்தார். காதோர மயிர் சில அதோடு பிடுங்குப்பட்டுக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மே மாதம் ஜனாதிபதி வேட்பாளராகத் தெரிவானதும், வோல்க் ஸ்பிரிங்ஃபீல்டுக்கே போய்க் கைகளையும் அச்செடுத்தார். வலது கையில் எதையாவது பிடித்திருந்தால் நல்லது என்று சொல்ல, லிங்கன் பின்பக்கக் கொட்டிலுக்குப் போய்த் தும்புத்தடிக் கம்பில் ஒரு துண்டை அறுத்துக்கொண்டு வந்தார். வந்தவர் முனையைக் கத்தியால் சீவத் தொடங்கிவிட்டார். இவ்வளவு பார்க்கத் தேவையில்லை என்று வோல்க் சொல்லியும், வடிவாக இருக்கட்டும் என்றாராம். முதல்நாள் வாழ்த்த வந்தவர்களுக்குக் கைகொடுத்துக் கொடுத்து வலது கை வீங்கியிருந்தது. அந்த வீக்கம் இன்றும் அச்சில் இருக்கிறது. எங்கள் கடைக்கு வந்திருந்தால் முதல் வேலையாக அதைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பார்கள்.

1865 பெப்ரவரியில் கிளாக் மில்ஸ் என்ற சிற்பி இன்னொரு முகஅச்சு எடுத்தார். சாவுக்கு இரண்டு மாதம் முன்பு. இன்னொரு சிற்பி செயின்ற் கோடன்ஸ் அதை முதன்முதல் பார்த்துவிட்டு, பிணத்தில் எடுத்த அச்சென்றே அடித்துச் சொன்னாராம். இடையில் ஒரு உள்நாட்டுப் போர் நடந்து முடியப்போகிறது, மகன் ஒருவனும் இறந்துவிட்டான். அதே மாதம் காட்னர் என்ற படப்பிடிப்பாளர் எடுத்த லிங்கன் படத்தின் கண்ணாடித் தகடு வெடித்துவிட்டது. ஒரேயொரு பெரிய பிரதி போட்டுவிட்டுத் தகட்டை எறிந்துவிட்டார்கள். அந்தப் பிரதியில் வெடிப்பு உச்சந்தலைக்குக் குறுக்கே ஓடுகிறது. இன்று பத்து நிமிடத்தில் அதை அழித்துவிடலாம். தயவுசெய்து யாரும் அழிக்க வேண்டாம்.

இரண்டு முகஅச்சுகளையும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் முப்பரிமாணத்தில் இணையத்தில் போட்டிருக்கிறது, காசில்லை. போனிலேயே திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். முதலில் 1860, அப்புறம் 1865. கன்னத்தைப் பாருங்கள்.