ஒரே ராத்திரியில் மாறிய பெடல்

ஜூலை 27, ஞாயிறு

எங்கள் மின்சாரக் காருக்கு மென்பொருள் அப்டேட் வந்திருக்கிறது என்று போன் சில நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. பெங்களூரில் எங்கள் அபார்ட்மென்ட்டில் கார் நிற்பது இரண்டாவது பேஸ்மென்ட்டில், அங்கே சிக்னல் சுத்தமாகக் கிடையாது. இன்று சாயங்காலம் மேலே விசிட்டர் பார்க்கிங்கில் கொண்டுவந்து நிறுத்தி அப்டேட்டை இறக்கிவிட்டேன், போடுவதற்கு முக்கால் மணி நேரம் பிடித்தது, அதுவரை வண்டியை அசைக்க முடியாது. முடிந்ததும் திரையில் வந்தது இவ்வளவுதான்: "ஓட்டும் அனுபவத்தில் மேம்பாடுகள், பிழைத் திருத்தங்கள்." எந்த அனுபவம், எந்தப் பிழை, ஒன்றும் இல்லை. சரி, நாளை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜூலை 28, திங்கள்

தெரிந்துவிட்டது. எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலிருந்து அவுட்டர் ரிங் ரோடு ஏறுவதற்கு முன் அகரா சிக்னலில் வழக்கம்போல ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வண்டி முன்னால் இருந்த காரை நெருங்குவதற்கு வெகு முன்பே, ஒரு கார் புகுந்துவிடும் அளவுக்கு இடம் விட்டு, முழுசாக நின்றுவிட்டது. பக்கத்தில் மனைவி, "என்னங்க, இன்னைக்கு இப்படிக் குலுக்குறீங்க?" என்றாள். நேற்று வரை காலை எடுத்தால் வேகம் குறையும், பத்து கிலோமீட்டருக்குக் கீழே வந்ததும் பிடி தளர்ந்து மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும், கடைசியில் பிரேக்கை மிதித்து நிறுத்துவேன். இப்போது ஊர்வதே இல்லை. காலை எடுத்தால் பிடி, விடாமல் பிடி, நிற்கும் வரை பிடி. பெல்லந்தூர் போய்ச் சேர்வதற்குள் கணுக்கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது, ஏனென்றால் வண்டி நிற்காமல் இருக்க இப்போது பெடலைக் கொஞ்சமாவது அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு நட்டு போல்ட்டைக்கூட யாரும் தொடவில்லை என்பதைத்தான் ஓட்டாதவர்களுக்குப் புரியவைப்பது கடினம். மின்சாரக் காரில் ஆக்ஸிலரேட்டர் பெடல் என்பது ஒரு சென்சார், அவ்வளவுதான். கால் எவ்வளவு தூரம் அழுத்தியிருக்கிறது என்று மட்டும் சொல்லும். உள்ளே மென்பொருளில் ஒரு அட்டவணை இருக்கிறது: இந்த வேகத்தில், இவ்வளவு அழுத்தினால், மோட்டார் இவ்வளவு முறுக்குவிசை கொடுக்கட்டும் என்று. காலை எடுத்தால் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரிக்குக் கரண்ட்டைத் திருப்பி அனுப்புகிறது, நாமெல்லாம் ரீஜென் என்று சொல்வது அதைத்தான். அந்தப் பிடி எவ்வளவு இறுக்கம், எவ்வளவு சீக்கிரம் வர வேண்டும், எந்த வேகத்தில் விட வேண்டும், இதெல்லாம் வெறும் எண்கள். ராத்திரியோடு ராத்திரியாக எண்ணை மாற்றினால் காலையில் வேறு கார்.

பெட்ரோல் காரிலும் இப்போதெல்லாம் பெடலுக்குப் பின்னால் கம்ப்யூட்டர்தான். ஆனால் அதில் காலை எடுத்தால் எஞ்சின் பிடிப்பது கொஞ்சம்தான், வண்டியை நிறுத்துவது பிரேக். இங்கே காலை எடுப்பதே பிரேக். அதனால்தான் இந்த எண் மாறுவதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஜூலை 31, வியாழன்

அம்மாவுக்கு ஜெயநகரில் செக்கப். எனக்கு மீட்டிங் இருந்ததால் எப்போதும் வரும் ஆக்டிங் டிரைவர் அண்ணாவைக் கூப்பிட்டிருந்தேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், பெங்களூரில் பல வருஷமாக ஓட்டுகிறார். சாவி கொடுக்கும்போதே பெடல் மாறியிருக்கிறது, காலை மெதுவாக எடுங்கள் என்று சொல்லி, அம்மாவை ஏற்றுவதற்கு முன் அபார்ட்மென்ட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு போய் வரச் சொன்னேன். போய் வந்து இறங்கி நின்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நல்லவேளை சார், நீங்க சொன்னீங்க. நான் நாலு வீட்டு வண்டி ஓட்டுறேன். அப்டேட்டு வந்தா ஓனர் போனுக்குத்தான் மெசேஜு போகுது. ஓட்டுறவனுக்கு யாரு சொல்றா?"

நானும் இதை இதுவரை யோசித்ததில்லை. நம் ஊரில் கார் வாங்குகிறவர் ஒருவர், ஓட்டுகிறவர் இன்னொருவர் என்பது சர்வ சாதாரணம். டாக்ஸி எடுத்துக்கொண்டால் ஷிஃப்ட்டுக்கு ஒரு டிரைவர். அறிவிப்பைத் தள்ளிவிட்டு "சரி" பட்டனை அழுத்துகிற விரல் யாருடையதோ, மறுநாள் பெடல் மேல் இருக்கும் கால் யாருடையதோ. வெளிநாட்டில் சொந்தக் காரைத் தானே ஓட்டுகிறவரை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு இது.

அம்மா திரும்பி வந்ததும் தலை சுற்றுகிறது என்று படுத்துவிட்டார். பின்சீட்டில் உட்கார்ந்தவருக்கு அந்த விட்டு விட்டுப் பிடிக்கும் இழுப்புதான் வயிற்றைப் பிரட்டும், டிரைவர் அண்ணா எவ்வளவோ பதமாகத்தான் ஓட்டியிருப்பார்.

ஆகஸ்ட் 2, சனி

சர்வீஸ் சென்டருக்கு நேரிலேயே போனேன். அட்வைசர் லேப்டாப்பைச் செருகிப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, புது வெர்ஷனில் இப்படித்தான் என்றார். பழைய மாதிரி வைத்துக்கொள்ள ஒரு தேர்வு இருக்கிறதா? இல்லை. பழைய வெர்ஷனுக்குத் திரும்ப முடியுமா? முடியாது. என்ன மாறியது என்று எழுத்தில் கொடுப்பீர்களா? அவர் கையில் இருந்ததும் அதே ஒற்றை வரிதான். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதையும் இங்கே பதிந்துவிட வேண்டும். 2018 மே மாதம் அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்கிற நுகர்வோர் பத்திரிகை டெஸ்லா மாடல் 3-ஐச் சோதித்தபோது மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்தது, அதனால் காரைப் பரிந்துரைக்க மறுத்துவிட்டார்கள். சில நாட்களில் டெஸ்லா இன்டர்நெட் வழியாகவே ஒரு அப்டேட் அனுப்பியது, மறுபடி சோதித்தால் 133 அடி. 19 அடி என்பது ஏறக்குறைய ஆறு மீட்டர். சாலையில் ஒருவர் உயிர் தப்ப ஆறு மீட்டர் போதும். நம் ஊரிலும் நெக்ஸான் ஈவி மேக்ஸ் காரின் ரேஞ்சை, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை, 2023-இல் டாடா 437-லிருந்து 453 கிலோமீட்டராக மென்பொருளாலேயே கூட்டியது, முன்பே வாங்கியவர்களுக்கும் அந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து டீலரிடம் போய்ப் போட்டுக்கொள்ள வழி செய்தார்கள். ஓலா ஸ்கூட்டர்காரர்களுக்கு, வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலே வாங்கி மாதக்கணக்கில் கழித்து, 2022-இல், அப்டேட்டில்தான் வந்தது.

அதே கதவு வழியாகத்தான் எடுத்துக்கொண்டும் போகிறார்கள். 2019-இல் பழைய மாடல் எஸ் கார்கள் சிலவற்றில் டெஸ்லா ஒரு அப்டேட்டில் பேட்டரியின் உச்ச வோல்டேஜைக் குறைத்தது, ஓட்டும் தூரம் குறைந்தது, உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள், 2021-இல் டெஸ்லா 15 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. கொடுப்பதோ எடுப்பதோ, எது என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் என்ன என்பதுதான் என் கேள்வி.

ஆகஸ்ட் 6, புதன்

ராத்திரி பத்தரைக்குமேல் ஒரு சோதனை. கீழ்த்தளத்துப் பையன் ஏத்தர் ஸ்கூட்டரில் பின்னால் வந்தான், நான் செக்டார் ரோட்டில் நாற்பதில் போய்க் காலை எடுத்தேன், பிரேக்கைத் தொடவே இல்லை. கேள்வி ஒன்றுதான்: பின்னால் பிரேக் லைட் எரிகிறதா?

இதற்கு ஐ.நா. வாகன விதிகளில், 13-எச் என்கிற விதியில், கணக்கே இருக்கிறது. காலை எடுப்பதால் வரும் வேகக்குறைப்பு விநாடிக்கு விநாடி 0.7 மீட்டர் வரை என்றால் லைட் எரியக் கூடாது, 1.3-ஐத் தாண்டினால் எரிந்தே ஆக வேண்டும், இடையில் இருந்தால் கம்பெனியின் விருப்பம். 1.3 என்றால் ஒவ்வொரு விநாடியும் மணிக்கு நாலரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் குறைகிறது என்று அர்த்தம்.

டக்கென்று காலை எடுத்தால் உடனே எரிகிறது என்றான். மெதுவாக, பெடலைப் பாதி விட்டால் எரியவில்லை, கடைசியில் நிற்கிற நேரத்தில் ஒரு கணம் அணைந்து மறுபடி எரிகிறது. "அண்ணா, பின்னால வர்றவன் கன்ஃப்யூஸ் ஆவான்" என்று சொன்னான், எனக்கும் அதுதான் கவலை. சில்க் போர்டு பக்கம் பின்னால் ஒரு பஸ் ஒட்டிக்கொண்டு வரும்போது, அந்த டிரைவருக்கு என் வண்டியைப் பற்றித் தெரிந்த ஒரே விஷயம் அந்தச் சிவப்பு விளக்குதான். வீடியோ எடுத்து வைத்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சேலம் வந்து சேர்ந்தோம். நீண்ட வார இறுதி, விடிந்தால் ஓசூர் ரோடு நகராது என்று நாலரைக்கே கிளம்பிவிட்டோம். ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு நூறு சதவீதம்.

அங்கேதான் அடுத்த பாடம். பேட்டரி நிரம்பியிருந்தால் திருப்பி அனுப்பும் கரண்ட்டை வாங்கிக்கொள்ள உள்ளே இடம் இல்லை, அதனால் ரீஜென் கிட்டத்தட்டக் கிடையாது. இது பெரும்பாலும் எல்லா மின்சாரக் காருக்கும் பொது, பௌதிகம், யாரையும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வாரமாக "காலை எடு, நிற்கும்" என்று என் காலுக்குப் பழக்கிவிட்ட வண்டி, இன்று அதிகாலை இருட்டில் காலை எடுத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. ரீஜென் இல்லை என்று சொல்லத் திரையின் ஓரத்தில் ஒரு சாம்பல் கோடு மட்டும், அதுவும் தேடினால்தான் தெரியும். எதிர்பார்த்திருந்ததால் கால் பிரேக் பக்கமே இருந்தது. அத்திப்பள்ளி டோல் தாண்டுவதற்குள் பிடி பழையபடி வந்துவிட்டது. ஒரே பயணத்தில், ஒரே பெடல், இரண்டு குணம். இதற்கும் மென்பொருளிலேயே வழி உண்டு: ரீஜென் குறைவாக இருக்கும்போது சாதா பிரேக்கைத் தானாகவே கொஞ்சம் பிடித்து, கால் உணர்வதை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளும் தேர்வை டெஸ்லா 2022-இல் கொடுத்தது. நிலையான பிடி வேண்டும் என்றால் நிலையான பிடியைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தொப்பூர் கணவாயில் புது செட்டிங் பிரமாதமாக இருந்தது, உள்ளதைச் சொல்ல வேண்டும். தர்மபுரி தாண்டி அந்த இறக்கத்தில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் போய் மோதுவதை ஊர்ப் பேப்பரில் படித்துப் படித்து வளர்ந்தவன் நான், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கி, பிரேக் சூடாகிப் பிடிமானம் போய்விடும். இன்று அந்த இறக்கம் முழுக்க பிரேக் தட்டுக்கு வேலையே இல்லை, பெடலைத் துளி விட்டால் போதும், வேகம் சொன்ன இடத்தில் நின்றது. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர், சேலம் 300-க்கும் கீழே. ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ வண்டி இந்த உயரம் இறங்கினால் கணக்குப்படி மூன்று யூனிட் கரண்ட் அளவு சக்தி அதில் இருக்கிறது, எல்லாம் திரும்பி வராது, ஆனாலும் ஒரு நல்ல பங்கு வருகிறது.

அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து வந்தவர், "பிரேக்கே போடலையேடா" என்று ரெண்டு தடவை கேட்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

திரும்பி வந்தாயிற்று. ஏற்றம், ஏசி, கூட்டம். கிருஷ்ணகிரியில் சார்ஜருக்கு வரிசை. எழுத ஒன்றும் இல்லை, தூக்கம் வருகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கம்பெனிக்கு விரிவாக மெயில் எழுதி, பிரேக் லைட் வீடியோவையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். என் ஆசைக்குக் கேட்கிறேன் என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்காக இரண்டு விஷயத்தை அதில் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று, ஐ.நா.வின் 156-ஆம் விதி, வாகன மென்பொருள் அப்டேட்டுக்கென்றே 2021-இல் நடைமுறைக்கு வந்தது. அப்டேட்டைப் போடுவதற்கு முன்பே அதன் நோக்கம் என்ன, வண்டியின் எந்தச் செயல்பாடு மாறுகிறது, எவ்வளவு நேரம் ஆகும், அந்த நேரத்தில் எது வேலை செய்யாது என்று பயன்படுத்துபவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் இது கட்டாயம். அங்கே அப்படிச் சொல்ல முடிகிறவர்களுக்கு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் நிற்கும் காருக்கும் அதே நாலு வரி எழுதுவது பெரிய வேலை இல்லை.

இரண்டு, சீனா. 2023 மே மாதம் அங்கே டெஸ்லா சுமார் 11 லட்சம் கார்களுக்கு ரீகால், அதாவது குறையைத் திருத்தித் தரும் திரும்ப அழைப்பு, அறிவித்தது. ரீஜென் பிடியின் இறுக்கத்தை ஓட்டுநர் தேர்வு செய்ய வழியில்லை, ஆக்ஸிலரேட்டரை நெடுநேரம் ஆழமாக அழுத்தினால் போதிய எச்சரிக்கை இல்லை, இதுதான் காரணம். திருத்தமும் அப்டேட்டாகவே போனது. 2026 ஜனவரியிலிருந்து வரும் புதிய விதியோ, காலை எடுத்தாலே வண்டி முழுசாக நிற்பது ஆரம்ப செட்டிங்காக இருக்கக் கூடாது என்கிறது. வேண்டுமானால் ஓட்டுகிறவரே போய்த் தேர்ந்தெடுக்கட்டும். என் காரில் நடந்தது சரியாக இதற்கு நேர் எதிர்.

கேட்டிருப்பது: பழைய பிடியையும் ஒரு தேர்வாக வையுங்கள். பெடலும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் மாறுகிற அப்டேட் என்றால் முதல் தடவை வண்டியை எடுக்கும்போது, போனில் இல்லை, காரின் திரையில், தமிழிலும் கன்னடத்திலும் ஹிந்தியிலும் காட்டுங்கள், யார் ஓட்டினாலும் கண்ணில் படட்டும். பிரேக் லைட்டைச் சரி செய்யுங்கள். மூன்றில் கடைசியானதற்கு மட்டும் நேற்றே பதில் வந்துவிட்டது: வண்டியின் லாக் பதிவுகளை எடுக்க அனுமதி கேட்டிருந்தார்கள், கொடுத்துவிட்டேன். மற்ற இரண்டும் "சம்பந்தப்பட்ட குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது".

வியாழக்கிழமை அம்மாவுக்கு மறுபடி ஜெயநகர் போக வேண்டும், டிரைவர் அண்ணா வருகிறார். புதன் ராத்திரி அப்டேட் ஏதாவது வந்தாலும் அம்மா போய் வந்த பிறகுதான் போடுவேன்.