ஜெர்மன் ஏ1 கேட்டல்: எண்களை வலப்பக்கத்திலிருந்து எழுதுங்கள்

முடிவு வந்துவிட்டது. ஜெர்மன் மொழியின் தொடக்க நிலைத் தேர்வான ஏ1 தேறிவிட்டேன், கேட்டல் பகுதியில் ஒரு மதிப்பெண்கூடப் போகவில்லை. ஒரு ஜெர்மன் குடும்பத்தோடு தங்கி அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்கான ஓ பேர் விசாவுக்கு இந்தச் சான்றிதழ் கையில் இருந்தாக வேண்டும், அதையும் 27 வயது ஆவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் பதற்றம். அது இப்போதுதான் அடங்கியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனிலிருந்து அடுத்து எழுதப்போகிற தம்பி தங்கைகளுக்காக, எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

இலக்கணம், கடிதம், பேச்சு அட்டைகள் பற்றி வேறு யாராவது நன்றாகச் சொல்வார்கள். நான் சொல்லப்போவது எண், தேதி, நேரம் மட்டும்தான். என் கணக்கில் ஏ1 கேட்டல் என்பதே பெரும்பாலும் எண் தேர்வுதான். விலை என்ன, எந்த மாடி, எந்த அறை, ரயில் எந்த நடைமேடையில், எத்தனை மணிக்கு, எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று போகும். வாக்கியம் பாதி புரியாவிட்டாலும் எண் சரியாக விழுந்தால் விடை விழுந்துவிடும்.

நான் படித்த வகுப்பில் எண்களை முதல் வாரமே ஓட்டிவிட்டார்கள். நூறு வரை ஒரு முறை சொல்ல வைத்து, அடுத்த பாடம். அதோடு, பள்ளியில் நாம் படித்த, டச்சிலிருந்து பிறந்த ஆப்பிரிக்கான்ஸ் மொழியைப் பற்றி "ஆப்பிரிக்கான்ஸை மறந்துவிடுங்கள், குழப்பிவிடும்" என்றும் சொன்னார்கள். இன்றும் எனக்கு அதில் வருத்தம் உண்டு. எண்களைப் பொறுத்தவரை ஆப்பிரிக்கான்ஸைவிடப் பெரிய உதவி நமக்கு வேறு இல்லை. நாம் எண்ணுவது ஆங்கிலத்தில். ஆயா பக்கத்தில் இருந்தால் தமிழில். இரண்டிலும் பத்து முதலில், ஒன்று பின்னால். எழுபத்து நான்கு என்பதை ஜெர்மனில் 'ஃபியர்-உண்ட்-ஸீப்ட்ஸிஹ்' என்கிறார்கள்: நான்கு முதலில், எழுபது அப்புறம். ஆப்பிரிக்கான்ஸிலும் அதே வரிசை: 'ஃபியர்-என்-ஸீவெந்தஹ்'. பள்ளிக்கூடத்தில் வருடக்கணக்காக நாம் சொல்லிப் பழகியதுதான். அந்தப் பழக்கத்தை ஏன் மறக்க வேண்டும்?

சரி, முக்கியமான விஷயம். எண் காதில் விழும்போது முழுதாக முடியும்வரை காத்திருக்காதீர்கள். 'ஃபியர்' என்று கேட்ட உடனே, இடப்பக்கம் ஓர் இலக்கத்துக்கு இடம் விட்டு 4 எழுதுங்கள். 'ஸீப்ட்ஸிஹ்' வரும்போது விட்ட இடத்தில் 7 போடுங்கள். கை வலமிருந்து இடம் போகும். நடுவில் 'உண்ட்' (மற்றும்) காதில் விழுவதுதான் கைக்கு அடையாளம். மூன்று இலக்கம் என்றால் நூறு முதலில் வரும். 374 என்பது 'ட்ரை-ஹுண்டர்ட்-ஃபியர்-உண்ட்-ஸீப்ட்ஸிஹ்'. முதலில் 3, ஓர் இடம் விட்டு 4, பிறகு நடுவில் 7. மனத்துக்குள் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வகுப்பில் என்னைவிட நன்றாக ஜெர்மன் பேசிய ஒருவரே அவசரத்தில் 74-ஐ 47 என்றுதான் எழுதுவார். திருப்பிப் போடும் அந்த நொடியில் அடுத்த வாக்கியம் ஓடிவிடுகிறது. இரண்டாம் பகுதி அறிவிப்புகள் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும், நினைவிருக்கட்டும்.

இப்படி வலமிருந்து எழுதுவது கெட்ட பழக்கம், பேச்சு வேகத்துக்கு ஈடுகொடுக்காது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஏ1 வேகத்துக்குத் தாராளமாக ஈடுகொடுக்கும்.

பயிற்சிக்கு அக்காதான் துணை. அக்காவுக்கு ஜெர்மன் தெரியாது, மெட்ரிக்கில் ஆப்பிரிக்கான்ஸ் எடுத்தவள். கடைத் துண்டுச்சீட்டுகளிலுள்ள விலைகளை ஆப்பிரிக்கான்ஸில் வாசிப்பாள், நான் எழுதுவேன். "இன்னும் வேகமா வாசிக்கா" என்றால் "கை நிக்காம எழுதுடி, அப்புறம் பார்க்கலாம்" என்பாள். கை பழகிய பிறகு ஜெர்மனுக்கு மாறினேன். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லவின் மெதுவாக வாசிக்கப்படும் செய்தியில் எண்ணை மட்டும் எழுதுவேன், மற்றதை விட்டுவிடுவேன். டாக்ஸியில் டவுனுக்குப் போகும்போது முன்னால் போகிற வண்டிகளின் எண்ணை இரண்டிரண்டாக ஜெர்மனில் சொல்லிப் பார்ப்பேன். செயலிகள் எனக்கு ஒத்துவரவில்லை, தாளும் பென்சிலும்தான்.

பள்ளியில் ஆப்பிரிக்கான்ஸுக்குப் பதிலாக ஸூலு எடுத்தவர்களுக்கும் வழி இதுதான், கை பழக இன்னும் கொஞ்ச நாள் கூடுதலாக ஆகும்.

காதை ஏமாற்றும் இடங்கள்:

- 13 ட்ரைட்ஸேன், 30 ட்ரைஸிஹ். முப்பதில் மட்டும் 'ட்ஸ்' கிடையாது.
- 14 ஃபிர்ட்ஸேன், 40 ஃபிர்ட்ஸிஹ். நான்கைச் சொல்லும் 'ஃபியர்' என்பதன் நீட்டம் இரண்டிலும் குறுகிவிடும்.
- 16 ஸெஹ்ட்ஸேன், 60 ஸெஹ்ட்ஸிஹ். 'ஸெக்ஸ்' என்பதன் கடைசி ஒலி காணாமல் போகும்.
- 17, 70: 'ஸீபென்' பாதியாகி 'ஸீப்' மட்டும் நிற்கும்.
- தொலைபேசியில் 2-ஐ 'ட்ஸ்வை' என்னாமல் 'ட்ஸ்வோ' என்பார்கள், 3-இன் 'ட்ரை'யோடு குழம்பாமல் இருக்க.
- விலையில் யூரோ நடுவில் வரும்: 12,50 என்பது 'ட்ஸ்வோல்ஃப் ஒய்ரோ ஃபுன்ஃப்ட்ஸிஹ்'. தசமத்துக்குக் காற்புள்ளி, நம் பள்ளிக் கணக்கில் போட்டது போலவே. ஆயிரத்துக்குத்தான் புள்ளி: 1.000.

தேதிக்கு நான் மனப்பாடப் பட்டியல் வைத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே தெரிந்த தேதிகளையே ஜெர்மனில் சொன்னேன். ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு டர்பனில் வந்து நின்ற 16 நவம்பர் 1860: 'அம் ஸெஹ்ட்ஸேன்டென் நோவெம்பர் அஹ்ட்ஸேன்-ஹுண்டர்ட்-ஸெஹ்ட்ஸிஹ்'. பதினாறும் அறுபதும் ஒரே தேதியில் வருவதால் இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை. ஜோஹனஸ்பர்க் பக்கத்து ஸொவேட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கிய 16 ஜூன் 1976-இல் பதினாறு, ஆறு, எழுபது மூன்றும் வரும். முதல் முறை எல்லோரும் வாக்களித்த 27 ஏப்ரல் 1994 வேறு வகை: இருபதிலிருந்து தேதிக்கு 'ஸ்டென்' சேர்க்க வேண்டும், பத்தொன்பது வரை வெறும் 'டென்'. பெர்லின் சுவர் திறந்த 9 நவம்பர் 1989, இரு ஜெர்மனிகளும் இணைந்த 3 அக்டோபர் 1990 இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். 'ட்ரிட்டென்' என்ற ஒழுங்கில்லாத வடிவம் அதில் படிந்துவிடும். ஒன்று, மூன்று, ஏழு, எட்டு இந்த நான்கும்தான் தனி வழி: எர்ஸ்டே, ட்ரிட்டே, ஸீப்டே, அஹ்டே.

1999 வரைக்கும் வருடத்தை நூறு நூறாகச் சொல்வார்கள், 2000 முதல் ஆயிரமாக. வருடத்துக்கு முன் 'இன்' போடாதீர்கள். எண்ணை மட்டும் சொல்லுங்கள், அல்லது 'இம் யார்' (வருடத்தில்) சேருங்கள். நாளுக்கும் தேதிக்கும் 'அம்', மாதத்துக்கு 'இம்', மணிக்கு 'உம்'. எழுத்துப் பகுதியின் குறுங்கடிதத்தில் இந்த மூன்றும் சரியாக இருந்தாலே பாதி பாரம் குறையும்.

படிவம் நிரப்பும்போது கவனம். நம் அடையாள எண்ணே வருடம், மாதம், நாள் என்று தொடங்குகிறது, கை அப்படியே போகப் பார்க்கும். அங்கே நாள், மாதம், வருடம், இடையில் புள்ளி.

நேரத்திலும் ஆப்பிரிக்கான்ஸ்தான் காப்பாற்றியது. 'ஹால்ப் அஹ்ட்' என்றால் ஏழரை, எட்டரை அல்ல. நம்மூர் 'ஹால்ஃப் அஹ்ட்' அதேதான். ஆங்கிலத்தில் யோசித்தால் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். ரயில் அறிவிப்பில் இந்தச் சிக்கல் இல்லை, 'நோயன்ட்ஸேன் ஊர் ட்ரைஸிஹ்' என்று 24 மணிக் கணக்கில் வரும்.

பேச்சுப் பகுதியில் உங்கள் தொலைபேசி எண்ணைக் கேட்டால் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள்: டர்பன் குறியீடு 031 என்றால் 'நுல், ட்ரை, ஐன்ஸ்'. இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்லித் திணற வேண்டாம், தேர்வாளருக்கு எண் தெளிவாக விழுந்தால் போதும்.

கேள்வி படிக்கத் தரும் நொடிகளில் விடைகளிலுள்ள எண்களை மனத்துக்குள் ஜெர்மனில் வாசித்துவிடுங்கள். மூன்றில் எதைச் சொல்லப்போகிறார்கள் என்று காது தயாராக இருக்கும். டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் யாருக்காவது வாசிக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், சனிக்கிழமை மதியங்களில் அக்கா வீட்டில்தான் இருப்பாள்.