பஸ்ஸில் ஒட்ட மறுத்த முகம்

2008ல் ஜெருசலேம் நகரசபைத் தேர்தலில் நின்ற ரேச்சல் அசாரியா கேட்டது ரொம்பச் சாதாரணமான ஒன்று. மற்ற வேட்பாளர்களைப் போலத் தன் படத்தையும் நகரப் பேருந்துகளில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். விளம்பர இடத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர்கள் முடியாது என்றார்கள். பெண் முகம் தெரிந்தால் தீவிர ஆசாரக்காரர்களான ஹரேதிகளில் சிலர் போஸ்டரைக் கிழிப்பார்கள், பஸ்ஸையும் சேதப்படுத்துவார்கள் என்று பயம். கடைசியில் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் தன் முகத்தைத் தன் ஊர் பஸ்ஸில் ஒட்ட வைத்தார்.

இதைப் படித்தபோது வழக்கை விட என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. அசாரியா மதத்தை விட்டு வெளியே வந்தவர் இல்லை. ஆசாரமான யூதப் பெண், யூதர்களின் வார ஓய்வுநாளான சப்பாத்தைத் தவறாமல் அனுசரிக்கிறவர். அவரை மறைக்க நினைத்தவர்கள் எந்த வேதத்தைச் சொன்னார்களோ அதே வேதத்தைத்தான் அவரும் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அதற்குப் பிறகு இப்படி ஆசாரத்தை விடாமல் அரசியலுக்கு வந்த பெண்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் சப்பாத். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் மெழுகுவர்த்தி ஏற்றியாகிவிட வேண்டும், அப்புறம் சனிக்கிழமை இருட்டும் வரை போன் கிடையாது, கார் கிடையாது, எழுதக்கூடக் கூடாது. இஸ்ரேல் நாடாளுமன்றமான கெனெசட் பொதுவாகத் திங்கள், செவ்வாய், புதன் கிழமைகளில்தான் கூடுகிறது என்பதால் அவையில் சிக்கல் இல்லை. ஆனால் அரசியல் அவையோடு முடிகிறதா என்ன? அந்த நாட்டில் சனிக்கிழமை காலையில் ஊர் ஊராகப் பொது உரையாடல் மேடைகள் நடக்கும், அமைச்சர்கள் வந்து பேசுவார்கள், அன்று மாலைச் செய்தியே அங்கிருந்துதான் கிளம்பும். ஆசாரமான உறுப்பினர் அந்த மேடைக்குப் போக முடியாது. தன்னைப் பற்றி யாராவது அங்கே ஏதாவது சொல்லியிருந்தாலும் வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகு போனைத் திறந்தால்தான் தெரியும். இது ஆண் உறுப்பினர்களுக்கும் பொருந்தும், ஆனால் இருபது பேருக்குச் சப்பாத் விருந்து சமைத்து முடிக்கும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண் தலையில்தான் விழுகிறது.

பெண் பதவிக்கு வரலாமா என்ற கேள்வி அங்கே நூறு வருடப் பழசு. 1920ல் பாலஸ்தீன யூதர்களின் பிரதிநிதிகள் சபைக்கு முதல் தேர்தல் நடந்தபோது, பெண்கள் ஓட்டுப் போடுவதை ஹரேதிகள் ஏற்கவில்லை. கடைசியில் ஒரு விசித்திரமான சமரசம் செய்தார்கள்: ஹரேதி ஆண்களுக்குத் தனி வாக்குச்சாவடி, அங்கே ஓர் ஆணின் ஓட்டு இரண்டாகக் கணக்கிடப்படும், அதாவது வீட்டில் இருக்கும் மனைவிக்கும் சேர்த்து. ரப்பி என்றால் யூத மதகுரு. ரப்பி கூக் போன்ற பெரியவரே பெண் வாக்குரிமையை எதிர்த்தார். வேதப் புத்தகமான உபாகமத்தில் 'ராஜா' என்றுதான் இருக்கிறது, ராணி என்று இல்லை, அதனால் எந்தப் பதவியிலும் பெண்ணை அமர்த்தக் கூடாது என்பது எதிர்த்தவர்கள் காட்டிய பழைய விளக்கம். இதற்கு ரப்பி பென்-சியோன் உசியேல் சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. தேர்தல் என்பது மேலிருந்து ஒருவரை நியமிப்பது இல்லை, மக்கள் தாங்களே விரும்பி ஒருவரை ஏற்றுக்கொள்வது, ஆகவே அந்தத் தடை இங்கே பொருந்தாது என்றார். வேதத்தைத் தள்ளி வைக்காமல், அதன் உள்ளேயே நின்று கதவைத் திறந்தவர் அவர்.

இந்த விவாதம் எப்போது வந்தாலும் பைபிளின் பெண் நியாயாதிபதி தெபொராளும் கூடவே வருவார். ஞாயிறு பள்ளியில் ஃபிளானல் பலகையில் ஒட்டிக் காட்டிய பேரீச்சமரமும் அதன் கீழ் உட்கார்ந்திருந்த பெண்ணும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ராமாவுக்கும் பெத்தேலுக்கும் நடுவே மரத்தடியில் உட்கார்ந்து இஸ்ரவேலருக்கு நியாயம் விசாரித்தவள். அந்தக் கதையில் ஜனங்கள்தான் அவளைத் தேடிப் போகிறார்கள், அது சிறு வயதில் என் மனதில் படவில்லை.

தேசிய மதக் கட்சியிலிருந்து கெனெசட்டுக்குப் போன முதல் பெண் தோவா சன்ஹெத்ராய். 1959 முதல் 1974 வரை உறுப்பினர், துணை சபாநாயகராகவும் இருந்தார். பெயரைப் பாருங்கள், பழைய யூத உயர் நீதிசபையான சன்ஹெத்ரினை அப்படியே நினைவுபடுத்துகிறது! ஆனால் அவருக்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு அந்தக் கட்சியின் பெண் உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆசாரமான பெண்கள் கெனெசட்டுக்கு எதற்காகப் போக வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் விவாகரத்தைத்தான் காட்டுவேன். 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி இஸ்ரேலில் யூதர்களின் திருமணமும் விவாகரத்தும் ரப்பி நீதிமன்றத்தின் கையில். விவாகரத்துச் சீட்டுக்குப் பெயர் கெத். எழுத்தர் கையால் மையில் எழுதும் 12 வரிகள். கணவன் தன் விருப்பத்தோடு அதைக் கொடுக்க வேண்டும், மனைவி இரண்டு கையையும் குவித்து வாங்கி, அக்குளில் இடுக்கிக்கொண்டு சில அடி நடக்க வேண்டும், அப்போதுதான் அவள் விடுபட்டவள். அவன் கொடுக்க மறுத்தால்? வேறு திருமணம் செய்ய முடியாது. மீறி வேறொருவரோடு குழந்தை பெற்றால் அந்தக் குழந்தைமேல் மதச்சட்டத்தின் களங்கம் விழும். இப்படிக் கட்டுண்டு கிடப்பவளை அகுனா என்பார்கள். பிடிவாதக் கணவனின் ஓட்டுநர் உரிமத்தை நிறுத்தலாம், வெளிநாடு போவதைத் தடுக்கலாம், சிறையில்கூட வைக்கலாம் என்று 1995ல் சட்டம் வந்தது, ஆனால் அதைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் அதே ரப்பி நீதிபதிகள்தான்.

அசாரியா அரசியலுக்கு வருமுன் இத்தகைய பெண்களுக்காகப் போராடும் அமைப்பை நடத்தியவர். 2013ல் அலிசா லவி, ஷுலி முஅலேம் போன்ற ஆசாரமான பெண்கள் கெனெசட்டுக்கு வந்தபோது முன்னின்று நிறைவேற்றிய சட்டம் ஒன்று உண்டு: ரப்பி நீதிபதிகளைத் தேர்வு செய்யும் குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் இருக்க வேண்டும். அந்த நீதிபதி நாற்காலியில் பெண் உட்கார முடியாது, சரி. அதில் யார் உட்காருவது என்பதில் இனி அவள் ஓட்டும் உண்டு. மதச்சட்டம் எங்கே இறுகியிருக்கிறது, எங்கே இடம் கொடுக்கும் என்று விரல் வைத்துக் காட்டத் தெரிந்தவர்களால்தான் இப்படி ஒரு சட்டத்தை யோசிக்க முடியும் என்று நான் நம்புகிறேன்.

விலையும் கொடுத்திருக்கிறார்கள். 2011ல் கூடாரப் பண்டிகையின்போது ஹரேதிகள் வாழும் மேயா ஷெஆரிம் பகுதித் தெருவில் ஆண் பெண்ணைப் பிரிக்கத் தடுப்பு வைத்ததை எதிர்த்து அசாரியா நீதிமன்றம் போனார், நகரசபையில் அவரிடம் இருந்த பொறுப்புகளை மேயர் பறித்துக்கொண்டார். 2015ல் அவர் கெனெசட் உறுப்பினரே ஆகிவிட்டார் என்பது வேறு கதை.

ஹரேதிப் பெண்களின் நிலை இன்னும் கடினம். கணவன் முழுநேரம் யூத வேதமான தோரா படிக்க, சம்பாதித்துக் குடும்பத்தை நடத்துவது பல வீடுகளில் அவள்தான். ஓட்டுப் போடும் நாளில் கட்சிக்கு அவள் வேண்டும், வேட்பாளர் பட்டியலில் வேண்டாம். 2015ல் ரூத் கோலியன் ஹரேதிப் பெண்களுக்கென்றே ஒரு கட்சி தொடங்கி நின்றார், கிடைத்தது இரண்டாயிரத்துக்கும் குறைவான ஓட்டு. 2020ல் ஓமெர் யன்கெலெவிச் முதல் ஹரேதிப் பெண் அமைச்சரானார், ஐந்து குழந்தைகளின் தாய், ஆனால் வந்தது ஹரேதிக் கட்சி வழியாக இல்லை, நீலம் வெள்ளைக் கட்சி வழியாக. ஹரேதிக் கட்சியான அகுதத் இஸ்ரேலில் பெண்கள் உறுப்பினராக முடியாது என்று எழுதி வைத்திருந்த விதியை நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகு நீக்கினார்கள். விதி போனதே தவிர, தேர்தலுக்குத் தேர்தல் வருகிற பட்டியலில் மேலிருந்து கீழ்வரை ஆண் பெயர்கள்தான். ஒவ்வொரு முறையும் நான் அதைக் கடைசிப் பெயர் வரை பார்க்கிறேன்.