பச்சை டிக் வரும் வரை: ஓர் ஒப்பந்தத்தில் டிஜிட்டல் கையொப்பமிட்ட அனுபவம்

கோயம்புத்தூரில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிமாநில நிறுவனம் ஒன்று, இந்த ஆண்டுக்கான விநியோக ஒப்பந்தத்தைத் தாளில் வாங்குவதில்லை என்றும், பிடிஎஃப் கோப்பிலேயே கிளாஸ் 3 எனப்படும் உயர்நிலை டிஜிட்டல் கையொப்பம் இட்டு அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தது. கையொப்பமிடும் வேலை சில நொடிகளில் முடிந்துவிட்டது. அதற்கு முன், கையொப்பமிடுபவர் யார் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழை வாங்குவதிலும், அதற்குப் பின் அந்தக் கையொப்பம் செல்லும் என்று அவர்களை ஒப்புக்கொள்ள வைப்பதிலும்தான் பெரும்பாடு பட்டேன்.

ஆதார் ஓடிபி கொண்டு கையொப்பமிடும் இ-சைன் வசதியும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் கீழ் ஏற்கப்பட்டதுதான். ஆனால் அந்த நிறுவனத்தின் விதிமுறை, பென் டிரைவ் போன்ற யுஎஸ்பி டோக்கனில் உள்ள சான்றிதழையே கேட்டது. கிளாஸ் 2 சான்றிதழ்கள் 2021 ஜனவரி 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டதால், இந்த வேலைக்கு இன்று யார் வாங்கினாலும் கிளாஸ் 3 தான் கிடைக்கும். இன்னமும் கிளாஸ் 2 மலிவாகத் தருகிறேன் என்று சொல்பவரிடம் போகாதீர்கள்.

விண்ணப்பத்தில் முதலில் இடித்தது பெயர். ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் இனிஷியல் ஒற்றை எழுத்தாக இருக்கிறது. பான் அட்டைக்கோ கடைசிப் பெயரைச் சுருக்காமல் எழுதியாக வேண்டும் என்பதால், அங்கே அதே எழுத்து அப்பாவின் முழுப் பெயராக விரிந்து நிற்கிறது. நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது பார்த்தாலே தெரியும் என்றாலும், விண்ணப்பம் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்துவிட்டது. சான்றிதழ் வாங்கித் தரும் இடைத்தரகர், பான் அட்டையைத் திருத்தி வாங்கி வந்தால்தான் முடியும் என்று அடித்துச் சொன்னார். அது நடக்க எத்தனை வாரம் ஆகுமோ என்ற கவலையில், சான்றிதழ் வழங்கும் நிறுவனத்தின் உதவி எண்ணுக்கே நேராகப் பேசினேன். ஆதார் வழியாக அல்லாமல் பான் வழியாகவும் அடையாளச் சரிபார்ப்பு செய்யலாம் என்று அவர்கள் சொன்னார்கள். அந்த வழியில் போட்ட விண்ணப்பம் நிற்காமல் நகர்ந்தது. ஆகவே தரகர் முடியாது என்று சொன்னால் அதோடு விட்டுவிடாமல், சான்றிதழ் வழங்கும் நிறுவனத்தையே கேட்டுவிடுங்கள்.

அதே தரகர் வேலை சீக்கிரம் முடியும் என்று சொல்லி, விண்ணப்பத்தில் தம் கைபேசி எண்ணையும் தம் மின்னஞ்சலையும் போட்டிருந்தார். டோக்கனைத் திறக்கும் ரகசிய எண்ணான பின் (PIN) எண்ணையும் தாமே வைத்து, டோக்கனையும் தம்மிடமே பத்திரமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் உறுதியாக மறுத்து, எல்லாவற்றையும் என் எண்ணுக்கு மாற்றச் சொன்னேன். அந்த டோக்கனும் பின் எண்ணும் கையில் இருப்பவர் என் பெயரில் எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிட முடியும். அது நான் இட்டதல்ல என்று நிரூபிக்கும் பாரம் என் தலையில்தான் விழும். டோக்கனுக்குள் இருந்து கையொப்பத்தை உருவாக்கும் ரகசியக் குறியீடான தனிச்சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது சான்றிதழ் பெற்றவரின் கடமை என்று சட்டத்தின் 42-ஆம் பிரிவே சொல்கிறது. ஆடிட்டர் அலுவலகத்தில் டோக்கனைக் கொடுத்துவிட்டு மறந்துபோனவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் இன்றே போய்த் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

வீடியோ சரிபார்ப்பும் சான்றிதழை டோக்கனில் இறக்குவதும் தடையின்றி முடிந்தன. டோக்கனுக்கான டிரைவரை முதலில் நிறுவிவிட்டு இறக்கினால் போதும். பின் எண்ணைத் தொடர்ந்து தவறாகப் போட்டால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். சாவியை வெளியே நகலெடுத்து வைக்கவும் வழியில்லை. டோக்கன் தொலைந்தால் பழைய சான்றிதழை ரத்து செய்துவிட்டுப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

அக்ரோபேட் ரீடரில் கோப்பைத் திறந்து, சான்றிதழ்கள் பகுதிக்குப் போய், கையொப்பம் வர வேண்டிய இடத்தில் கட்டம் வரைந்து, பின் எண்ணைக் கொடுத்துச் சேமித்தேன். அப்போது வரும் பெட்டியில், கையொப்பத்துக்குப் பின் ஆவணத்தைப் பூட்டவா என்று ஒரு தேர்வு இருக்கும். உங்களுக்குப் பின் இன்னொருவர் கையொப்பமிட வேண்டியிருந்தால் அதைத் தொடவே கூடாது. தொட்டால் அவரால் கையொப்பமிட முடியாமல் போகும்.

கோப்பு போய்ச் சேர்ந்ததும், வாங்கும் நிறுவனத்தின் எழுத்தரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறி தெரிகிறது, இது செல்லாது, மறுபடியும் இட்டு அனுப்பவும். மறுபடி இட்டாலும் அதே கேள்விக்குறிதான் வரும் என்பதை அவருக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்தக் குறி கையொப்பம் கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை. இந்தியச் சான்றிதழ்களுக்கெல்லாம் மூலமான, சான்றிதழ் ஆணையங்களின் கட்டுப்பாட்டாளருடைய (சிசிஏ) ‘சிசிஏ இந்தியா’ என்ற வேர்ச் சான்றிதழை, திறந்து பார்க்கும் கணினி இன்னும் நம்பத் தொடங்கவில்லை என்பதே அதன் பொருள். நாம் தரவிறக்கும் இ-ஆதாரிலும் முதலில் இதே கேள்விக்குறியைத்தான் பார்க்கிறோம். இதை எடுத்துக்காட்டிய பிறகுதான் அவர் காது கொடுத்தார்.

கையொப்பத்தைச் சொடுக்கி, அதன் பண்புகளுக்குள் போய், கையொப்பமிட்டவரின் சான்றிதழைத் திறந்தால் இடப்பக்கம் ஒரு சங்கிலி தெரியும். அதன் உச்சியில் உள்ள சிசிஏ இந்தியாவைத் தேர்ந்து, நம்பகமான அடையாளங்களில் சேர்த்துவிட்டு மறுபடி சரிபார்த்தால் பச்சை டிக் வந்துவிடும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கக் கூடாது. சான்றிதழ் ஆணையங்களின் கட்டுப்பாட்டாளர் தம் இணையதளத்தில் வேர்ச் சான்றிதழ்களை வெளியிட்டிருக்கிறார். அதோடு ஒப்பிட்ட பிறகே சேர்க்க வேண்டும். அந்த எழுத்தரின் கணினியில் பச்சை டிக் தெரிந்ததாகப் பதில் வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. விலைப்பட்டியல் இணைப்பைச் சேர்க்க மறந்துவிட்டதாகக் கூறி, நான் கையொப்பமிட்ட கோப்போடு அதை ஏதோ ஒரு மென்பொருளால் ஒட்டிவிட்டு, இப்போது உங்கள் கையொப்பத்தையே காணவில்லை என்று எனக்கே எழுதினார்கள். கையொப்பமிட்ட பின் கோப்பை இன்னொன்றோடு ஒட்டினாலும், அச்சிட்டு ஸ்கேன் செய்தாலும், பிடிஎஃப் ஆக மறுபடி அச்சிட்டாலும் கையொப்பம் போய்விடும். மிஞ்சினால் வெறும் படம் மிஞ்சும். கையொப்பம் பாதுகாப்பதே அந்தக் கோப்பு அப்படியே இருக்கிறது என்ற உறுதியைத்தான் அல்லவா? இணைப்புகள் அனைத்தும் சேர்ந்த இறுதிக் கோப்பு எது என்று எழுத்தில் உறுதி தந்தால் மட்டுமே மறுபடி கையொப்பமிடுவேன் என்று எழுதினேன். இந்த முறை அவர்களும் பொறுமையாகச் சரிபார்த்து அனுப்பினார்கள்.

மறுபடி இடுவதற்கு முன், கையொப்பமிட்ட நேரத்தை வெளியிலிருந்து உறுதிசெய்யும் நேரமுத்திரை சேவையின் முகவரியை ரீடரில் அமைத்துக்கொண்டேன். அது இல்லாவிட்டால் கையொப்ப நேரம் நம் கணினிக் கடிகாரத்திலிருந்து எடுக்கப்படும். சான்றிதழ் காலாவதியான பிறகு கையொப்பம் எப்போது இடப்பட்டது என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு வலுவான ஆதாரம் இருக்காது. என் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குத்தான், ஒப்பந்தம் தொடர்பான கோரிக்கைகளோ அதற்குப் பிறகும் வரலாம்.

அவர்களுடைய அதிகாரியின் கையொப்பமும் சேர்ந்து கோப்பு திரும்பி வந்தபோது, என் கணினியில் இரண்டுக்குமே பச்சை டிக் இருந்தது. அந்தக் கோப்பைப் பெயர்கூட மாற்றாமல் இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்திருக்கிறேன். பட்டறைக் கோப்பில் வைக்க எடுத்த அச்சுப்படியின் மேல், மூலம் கணினியில் உள்ளது என்று சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன்.